நாலாவது கதவுக்குள் ஒரு குரல்

செபஸ்தியான் ஹாரன் அடித்தால் வடமதுரைப் பக்கம் தக்காளி ஒரு நாள் முன்னதாகவே சிவந்துவிடும் என்பார்கள். ஹாரனை நான் கேட்டிருக்கிறேன். சிவந்த தக்காளியையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடுவே 'முத்துப்பேச்சி' என்ற தனியார் பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். பஸ் முதலாளி நாச்சிமுத்து தன் அம்மாவின் பேரை வண்டிக்கு வைத்துவிட்டதால், வண்டி தாமதமாக வந்தாலும் ஜனங்கள் மரியாதையாகத்தான் திட்டுவார்கள்.

செபஸ்தியானின் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டினார்கள். அவர்கள் குடியிருக்கிற நாகல் நகரில் இல்லை, கம்ப்யூட்டருக்குள். 'ஏழு கதவு வீடு' என்று அதற்குப் பேர். அது படத்தோடு வாசிக்கிற கதை. ஒரு தட்டுத் தட்டினால் படம் மாறும், ஆட்கள் பேசுவார்கள், ஒவ்வொரு கதவிலும் ஒரு கேள்வி வரும்: திறக்கவா, திரும்பவா? தப்பான பதிலைச் சொன்னால் உள்ளே இருக்கிற வெள்ளைச் சேலைக்காரி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள்.

படம் முழுக்க மூத்தவள் லிடியா வரைந்தது. கதையும் கம்ப்யூட்டர் வேலையும் இளையவன் ஸ்டீபன்ராஜ். மூன்று வருஷ உழைப்பு.

திண்டுக்கல்லில் பூட்டு விற்கலாம், பிரியாணி விற்கலாம். பயத்தை விற்கக் கடை கிடையாது. அதற்கு இணையத்தில் ஒரு வெளிநாட்டுக் கடையைப் பிடித்தார்கள். பிடித்த நாளிலிருந்து அந்தக் கடை இவர்களைப் பிடித்துக்கொண்டது.

முதல் தடவை அனுப்பியபோது, அங்கே போன தமிழ் எழுத்தெல்லாம் கழன்றுபோயிற்று. கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். பேய் பேசுவதை வாசிக்கப் பேயே வர வேண்டும் என்றிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை, கதையில் யாராவது மது அருந்துகிறார்களா என்று கடை கேட்டது. ஸ்டீபன்ராஜ் பொய் சொல்லத் தெரியாத பையன். இரண்டாவது கதவுக்குப் பின்னால் ஒரு மாதா கோயில் பூசைக் காட்சி இருக்கிறது, சாமியார் கிண்ணத்தில் திராட்சை இரசம் குடிக்கிறார். ஆகவே, 'ஆமாம்' என்றான். எத்தனை தடவை? 'தினமும்.' சிறுவர்கள் முன்னிலையிலா? 'ஆமாம், வரிசையாக நிற்பார்கள்.' கடைக்காரர்கள் அடுத்த நிமிஷம் கதையைக் கொண்டுபோய் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற இருட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து மீட்டு வரத் தீபாவளி தாண்டிவிட்டது.

இப்போது நவம்பரில் கல்லறைத் திருநாளும் கழிந்த வெள்ளிக்கிழமை. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கதை வெளிவர வேண்டும். இன்று ஒரு நாள் மட்டும் கடையின் முன்வாசலில் அதன் படத்தை மாட்டுவார்கள். நாளைக்கு வேறு யாருடையதோ தொங்கும். அந்த வாசலில் ஒரு தடவை நிற்காத கதை, ஆயிரம் கதைகளுக்கு அடியில் போய் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஸ்டீபன்ராஜ் வேலை பார்க்கிற நெட் சென்டரிலிருந்து காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்தபோது, அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நாலாவது கதவுல நீ யார் குரலப் போட்ட?"

லிடியா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "குரலா? நம்ம கதையில யாருக்குலே குரல் இருக்கு? எல்லாம் எழுத்துதான?"

"கடையில இருந்து கேட்டிருக்கான். நாலாவது கதவு தொறந்த பெறகு ஒரு ஆம்பள பேசுறானாம். ரொம்ப மெதுவா. தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தன வச்சுக் கேட்டுப் பாத்திருக்காங்க. 'கண்ணு, கண்ணு'ன்னு திரும்பத் திரும்ப வருதாம்."

தூரிகை தண்ணீரில் அப்படியே நின்றது.

"நடிகரா, சொந்தக் குரலா, அவரு சம்மதிச்சாரான்னு ஆறு மணிக்குள்ள சொல்லணுமாம். இல்லைன்னா இன்னிக்குக் கெடையாது. இனிமே எப்பவும் கெடையாது."

"நாம ஒருத்தரையும் பேச வைக்கலையே."

"அதான்க்கா." ஸ்டீபன்ராஜ் கதவைப் பார்த்தான். அது சமையலறைக் கதவு. ஆனாலும் பார்த்தான். "நாம வைக்கல. ஆனா ஒருத்தன் பேசுறான்."

இருவரும் கம்ப்யூட்டரில் நாலாவது கதவைத் திறந்து கேட்டார்கள். மின்விசிறி சுற்றியது, எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடியது, தெருவில் ஆட்டோ போனது. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கிணிங் என்று, கதையில் வருகிற பூட்டின் மணி கேட்டது. அப்புறம் 'ஊ' என்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். மூன்று மாதமாக அவர்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

"ஹெட்போன் வேணும்க்கா. முகேஷ்ட்ட இருக்கு."

"சாப்பாட்டுக்கு அப்பா வந்துட்டுப் போகட்டும். அவருக்குத் தெரிய வேணாம். ஏற்கெனவே ரெண்டு தடவை ஏமாந்துட்டாரு."

செபஸ்தியான் இரண்டு மணிக்கு வந்தார். காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டினார். ஆணிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆணியில் மாட்டினார். லிடியா அதைக் கவனித்தாள், ஆனால் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

வியாகுலம்மாள் சோற்றைப் போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை அவருடைய இடது கைப்பக்கம் வைத்தாள். தண்ணீர் டம்ளரை அவர் விரலில் இடிக்கிற மாதிரி நகர்த்தினாள்.

"எப்பத்தா கதை வெளிய வருது?" என்றார் செபஸ்தியான்.

"இன்னிக்குச் சாயங்காலம்ப்பா."

"வந்துரும்ல?"

"வந்துரும்."

"நிச்சயமா வந்துரும்ல?"

லிடியா பேச்சை மாற்றுவதற்காக, கடை வாசலில் மாட்டப்போகிற படத்தின் அச்சுத்தாளை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மஞ்சச் சேலை எடுப்பா இருக்கு."

"வெள்ளைச் சேலைப்பா அது! பேயி!"

அவர் ஒரு கவளத்தை விழுங்கினார். "பேயின்னா தெனமும் வெள்ளைதானா? ஒரு நாளைக்காச்சும் மஞ்சளா உடுத்தட்டுமே" என்றார். ஸ்டீபன்ராஜ் சிரித்தான். லிடியாவும் சிரித்தாள். வியாகுலம்மாள் மட்டும் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

மூன்று மணிக்கு அவர் கிளம்பியபோது, வியாகுலம்மாளும் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலையோடு கூடவே கிளம்பினாள். வடமதுரைப் பக்கம் ஒரு சின்ன அந்தோணியார் கோயிலில் அவளுக்கு நவநாள். நவநாள் என்றால் ஒன்பது நாள். வியாகுலம்மாளுடையது ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்தது, இன்னும் ஒன்பது முடியவில்லை.

"அம்மா, அந்தோணியாரே 'போதும், வீட்டுக்குப் போ'ன்னு எந்திரிச்சுச் சொல்லப் போறாரு" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"உங்க கதைக்காகத்தான்டா வேண்டுறேன்" என்று அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். செபஸ்தியான் அவளுடைய தோள்மேல் கை வைத்து வாசற்படி இறங்கினார். இத்தனை வயசுக்கு மேல் என்ன கொஞ்சல் என்று லிடியாவுக்குத் தோன்றியது.

நாலு மணிக்கு முகேஷ்குமார் வந்தான். பஸ் முதலாளி நாச்சிமுத்துவின் ஒரே மகன். ஸ்டீபன்ராஜோடு படித்தவன். தலையில் இரண்டு தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல ஒரு ஹெட்போன்.

"சிங்கப்பூர் மாமா குடுத்தது. இத மாட்டுனா எறும்பு கொட்டாவி விடுறதுகூடக் கேக்கும்" என்றான். "மாமா கார்டும் கையில இருக்கு. உங்க கதைய உலகத்துலயே மொத ஆளா நான்தான் வாங்கப் போறேன். எங்க அப்பாவயும் பக்கத்துல ஒக்கார வச்சு மாட்டி விடப் போறேன். மனுசன் அலறணும்!"

"செத்த நேரம் குடுடா அத."

"ஏன், எனக்கும் சேத்துப் போடு, கேப்போம்."

"இப்பவே கேட்டா சாயங்காலம் பயம் வராதுலே" என்றாள் லிடியா. முகேஷ்குமார் யோசித்துப் பார்த்து, அது நியாயம் என்று திண்பண்டம் தேடிச் சமையலறைக்குப் போனான்.

ஸ்டீபன்ராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலாவது கதவைத் திறந்தான்.

பூட்டின் மணி அடித்தது. இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளே, கிணற்றின் அடியிலிருந்து ஒருவன் வாயில் மண்ணோடு பேசுகிற மாதிரி, "க... ண்... ணு..."

அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த வேகத்தில் அது மூலையில் படுத்திருந்த பூனை மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூனை மூன்று நாள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை, பக்கத்துத் தெருவில் அசைவம் சாப்பிடாத வீடாகப் பார்த்துக் குடியேறிவிட்டது என்று கேள்வி.

"இருக்குக்கா. ஒருத்தன் இருக்கான்."

லிடியாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் அந்த மணியை ஒலிப்பதிவு செய்தார்கள். மணிப்பூட்டு என்று ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். அப்பா அம்மா அறையில் இருக்கிற பழைய மரப்பெட்டிக்கு அந்தப் பூட்டுதான். நாகல் நகரில் சத்தமில்லாத நேரம் என்றால் அது கரண்ட் இல்லாத நேரம் ஒன்றுதான். விசிறி, கிரைண்டர், ஒலிபெருக்கி எல்லாம் வாயை மூடியிருக்கும். அதனால் தினமும் கரண்ட் போனவுடன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சத்தம் பிடிக்க ஓடுவார்கள். உலகத்தில் மற்றவர்கள் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுப்பார்கள். இவர்களுக்கு மின்வாரியமே இலவசமாக அமைத்துத் தந்தது.

அன்றைக்கு மணியைப் பதிந்துவிட்டு, மெத்தைகளுக்கு நடுவே வைத்த மைக்கை நிறுத்த மறந்து, லிடியா காற்று வாங்கத் தெருவுக்குப் போய்விட்டாள். பேட்டரி தீரும் மட்டும் அது ஓடியிருந்தது. ஆளில்லாத அறையின் சத்தம்தானே என்று, மணிக்குப் பிறகு பதிவாகியிருந்ததைப் பாதி வேகத்துக்கு இழுத்து, நாலாவது கதவுக்குப் பின்னால் 'காலி வீட்டு இரைச்சல்' என்று போட்டுவிட்டாள். காலி வீட்டை யார் உட்கார்ந்து முழுக்கக் கேட்பார்கள்?

"ஸ்டீபா, வேகத்தப் பழையபடி மாத்து."

மாற்றினான். ஹெட்போனின் ஒரு மூடியை அவன் காதிலும் மறு மூடியை அவள் காதிலும் வைத்துக்கொண்டார்கள்.

பேய் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்தது. அப்பாவின் குரல்.

"...வலது கண்ணு சுத்தமாப் போச்சு தாசு. இடது கண்ணும் பொழுது சாஞ்சா பனி மூடுன மாதிரி இருக்கு. எதுர வாரது லாரியா மாடான்னு கிட்ட வந்தாத்தான் தெரியுது... இல்ல, வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் சொல்லிராத. பிள்ளைக கதை இந்த மாசம் வெளிய வந்துருமாம். அது மட்டும் வந்துரட்டும். வந்த அன்னிக்கே சாவிய மொதலாளிட்ட குடுத்துர்றேன். அது வரைக்கும் எப்பிடியாச்சும் ஓட்டிர்றேன்..."

மதுரையில் இருக்கிற சித்தப்பா ஆரோக்கியதாஸோடு செல்போனில் பேசியது. கரண்ட் இல்லை, எல்லோரும் தெருவில் இருக்கிறார்கள், அறையில் யாருமில்லை என்று நம்பிப் பேசியது.

ஆகஸ்டில் 'இந்த மாசம்' என்றார். கடை திருப்பி அனுப்பிற்று, செப்டம்பர் ஆயிற்று. எழுத்தைச் சரிசெய்தார்கள். மறுபடி திருப்பி அனுப்பிற்று, அக்டோபர் ஆயிற்று. சாமியார் குடித்த கிண்ணத்துக்கு விளக்கம் எழுதி, அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாளெல்லாம் அப்பா ஒரு வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு பனிக்குள் போய் வந்திருக்கிறார். 'வந்துரும்ல?' என்று அவர் ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று லிடியாவுக்கு இப்போது புரிந்தது.

"என்ன, கேட்டுச்சா?" முகேஷ்குமார் முறுக்கோடு வந்து நின்றான். முதலாளி மகன்.

"ஒண்ணும் இல்லடா. இரைச்சல்." ஸ்டீபன்ராஜ் முதல் தடவையாகப் பொய் சொன்னான். அதுவும் நன்றாக வரவில்லை. முகேஷ்குமார் ஹெட்போனைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆறு மணிக்குப் பாப்போம்" என்று கிளம்பினான்.

"அக்கா, இது மட்டும் வெளிய போச்சுன்னா..."

"போகக் கூடாது. நீ நெட் சென்டருக்குப் போ. அந்தச் சத்தத்த எடுத்துட்டு வேற ஒண்ணப் போட்டு அனுப்பு. மின்விசிறி சத்தம் இருந்தாக்கூடப் போதும்."

"நீ?"

"நான் அப்பாவ எறக்கப் போறேன்."

அப்பாவின் செல்போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அதைத் துணியில் சுற்றி, டிரைவர் முன்னால் இருக்கிற வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். மாதா எடுத்துப் பேசினால்தான் உண்டு. கண்டக்டர் சூசையிடமும் செல்போன் உண்டு, ஆனால் கரண்ட் இல்லாத ஊரில் சார்ஜ் ஏறாமல் அது சட்டைப்பைக்குப் பாரம்.

லிடியா மொபெட்டை உதைத்தாள்.

திருச்சி ரோட்டில் நாலு வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம். எங்கே ரோடு, எங்கே பள்ளம் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கண்ணும் நல்லாயிருக்கிறவர்களே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வழி கண்டுபிடிப்பார்கள்.

முத்துப்பேச்சி இந்நேரம் வடமதுரையை விட்டுத் திரும்பியிருக்கும். திரும்பி வரும்போது சூரியன் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். பனி மூடின மாதிரி என்றார். பனி மேல் வெயில் அடித்தால் என்ன தெரியும்? லிடியா ஓவியக்காரி. அவளுக்கு அது தெரியும். வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும்.

எதிரே வந்த ஒவ்வொரு கூட்டத்தையும் அவள் பயத்தோடு பார்த்தாள். ஓர் இடத்தில் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். மொபெட் தானாகவே நின்றுவிட்டது. வட்டத்துக்கு நடுவில் ஒருவர் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வண்டிகளின் வரிசைக்குப் பின்னால், தூசியைக் கிளப்பிக்கொண்டு முத்துப்பேச்சி வருவது தெரிந்தது. வரிசையின் கடைசியில் கம்பி ஏற்றிய ஒரு லாரி நின்றது. கம்பிகள் வாலுக்கு வெளியே ஓர் ஆள் நீளம் நீட்டிக்கொண்டிருந்தன. பஸ் அதை நோக்கி நேராக வந்தது.

லிடியா கத்த வாய் திறந்தாள். அவள் குரலும் ஆளில்லாத அறையில் மாட்டிக்கொண்டதுபோல வெளியே வரவில்லை.

பஸ் மெதுவாகி, கம்பிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

ரயில் போனது. அது கடைசிப் பெட்டியைக் காட்டியதும் அவள் மொபெட்டைப் போட்டுவிட்டு, கேட்டுக்குக் கீழே குனிந்து ஓடினாள். பஸ்ஸின் முன்வாசலில் அவள் கால் வைக்கவும், கேட் திறக்கவும், சூசை விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அம்மா.

முக்காடு போட்டு, ஜெபமாலையை உருட்டி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பயபக்தியாகக் கை கட்டியிருந்தார்கள்.

"அருள் நிறைந்த மரியே... லாரி கெளம்பிருச்சு... கர்த்தர் உம்முடனே... எடது பக்கம் சைக்கிள், ஒரு கெழவரு... பள்ளம் வருது, மெதுவா... மெதுவா... இப்பப் போகலாம்..."

"ஆமென்" என்றாள் பூக்காரி.

லிடியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆகஸ்டிலிருந்து முடியாத நவநாள்.

"அம்மா."

வியாகுலம்மாள் நிமிர்ந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தெரிஞ்சுபோச்சா?"

"உனக்கு எப்பம்மா...?"

"காப்பி டம்ளர வச்ச எடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சாரு. மறுநாளே வண்டியில ஏறிட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றேன்னு அவரு காட்டிக்கிட மாட்டாரு. அவரு கேக்குறாருன்னு நானும் காட்டிக்கிட மாட்டேன். உங்க கதை இன்னிக்கு..."

அவ்வளவு நேரம்தான். ஒரு தாயும் மகளும் நாலு வார்த்தை பேசுகிற நேரம். அந்த நேரம் முழுக்க ஜெபமாலை உருளவில்லை. வண்டி மட்டும் உருண்டது.

லிடியா தற்செயலாக முன்கண்ணாடியைப் பார்த்தாள். ரோட்டின் நடுவில், வெயிலுக்குள், ஜல்லிக் குவியல். அதன் ஓரத்தில் தார்ப்பீப்பாய்கள். பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ரோட்டைக் கடக்க நின்றாள்.

"அப்பா! முன்னால ஆளு! நிறுத்துங்க!"

பிரேக் அலறியது. பூக்கூடைகள் பறந்தன. பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். முத்துப்பேச்சி ஒரு குலுக்கலோடு நின்றது.

வெளியே அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

செபஸ்தியானின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. திரும்பாமல் கேட்டார்.

"லிடியாவா?"

"ஆமாம்ப்பா."

"எம்புட்டுத் தூரம் இருக்கு?"

"ஒரு முழம்."

அவர் தலையை ஆட்டினார். சூசை, "என்ன அண்ணே, தூக்கமா?" என்று சிரிக்கப் பார்த்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

அப்போது லிடியாவின் செல்போன் அடித்தது. ஸ்டீபன்ராஜ்.

"அக்கா..." அவன் அழுதுகொண்டிருந்தான். "'சம்மதம் வாங்கியாச்சு'ன்னு டிக் போட்டாத்தான் புதுச் சத்தத்த ஏத்த விடுவேன்னு கடை சொல்லிச்சுக்கா. போட்டேன். ஏத்த ஆரம்பிச்சேன். பாதியில கரண்ட் போயிருச்சு. டிக் போயிச் சேந்துருச்சு. சத்தம் போகல."

"அப்பிடின்னா?"

"கதை வெளிய வந்துருச்சு. ஆறு மணிக்குக்கூடக் காத்திருக்காம விட்டுட்டாங்க. அப்பா குரலோட. முகேஷ் எஸ்எம்எஸ் அனுப்பிருக்கான். அவன் வீட்ல ஜெனரேட்டர் இருக்குல்ல... வாங்கிட்டானாம். ரெண்டாவது கதவத் தாண்டிட்டானாம். அவங்க அப்பாவும் பக்கத்துல இருக்காராம்."

லிடியா போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஹாரன் சத்தம் கூடியது. செபஸ்தியானின் கை கியருக்குப் போனது.

கதை வெளிவரும்வரைக்கும் ஓட்டுவேன் என்று சொன்ன மனுஷர் அவர். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த ரோட்டில் வந்துபோனவர்.

"அப்பா" என்றாள். "கதை வெளிய வந்துருச்சு."

கை கியரிலேயே நின்றது.

"நெசமாவா?"

"நெசமா."

"யாராச்சும் வாங்குனாங்களா?"

"ஒருத்தன் வாங்கிட்டான்ப்பா. முகேஷு."

"மொதலாளி மகனா!" செபஸ்தியான் சிரித்தார். முழுச் சந்தோஷமான சிரிப்பு. அப்புறம் இஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவி, "சூசை, இந்தா" என்று இடது பக்கம் நீட்டினார். சூசை அதற்குள் கீழே இறங்கி, வலது பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தான்.

வியாகுலம்மாள் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சூசை சுற்றி வந்து சாவியை வாங்கினான். பூக்காரி இது எதற்கு ஆமென் என்று தெரியாமல் அம்மாவையே பார்த்தாள்.

அந்த நேரத்தில் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து, துணிக்குள் சுற்றி வைத்த செல்போன் அடித்தது.

செபஸ்தியான் தடவி எடுத்துத் துணியைப் பிரித்தார். வெளிச்சமாக இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு மகள் நின்ற திசையில் நீட்டினார்.

"யாருன்னு படிச்சுச் சொல்லுத்தா. எனக்கு எழுத்து தெரியல."

மூன்று மாதமாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததை, குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

லிடியா பார்த்தாள்.

"மொதலாளிப்பா."

போன் அவள் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. வியாகுலம்மாள் பழக்கத்தில் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்து, அப்படியே இருந்தாள். எதிரே வருவது இன்னதென்று இந்தத் தடவை அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.